ஏனுங்க அடிக்கறீங்க?

அவளுக்குத் தமிழில் முதல் முழு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அயர்லாந்திலிருந்து வந்தவள். தர்மபுரி தனி ஜில்லாவாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் சயின்ஸும் எடுக்க வந்தாள். கன்னியாஸ்திரீ அல்ல. ஏதோ மாதா கோயில் மூலமாக, சோறும் தங்க இடமும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த வாத்தியாரம்மா. வயசு இருபத்தாறு. எனக்கு அப்போது முப்பத்து நாலு, கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த இரண்டறை வீட்டில் எங்களைச் சேர்த்துப் போட்டார்கள். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதலாம்தான். மூன்று வருஷம் ஒரே சட்டியில் களி தின்றவளை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லித்தர வேண்டும் என்று தலைமை சிஸ்டர் அவளை என் தலையில் கட்டினார். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மா, ஆடு, இலை என்று ஆரம்பித்தேன். அவள் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள். “ஏன் அடிக்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது? மரியாதையாகக் கேட்க வேண்டும்” என்று இங்கிலீஷில் கேட்டாள். விடுதிப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டதைப் பார்த்திருப்பாள், கேட்டுத் தொலைக்கட்டும் என்று நினைத்தேன். மரியாதையாக என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே சொல்லிக்கொடுத்தேன். “ஏனுங்க அடிக்கறீங்க?” பத்துத் தடவை சொல்லிப் பார்த்து, நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு, படுக்கப் போனாள்.

மறுநாள் காலை ஏழாம் வகுப்பில் நான் ஒருத்தியின் உள்ளங்கையில் புளிய விளாறால் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் இவள் வந்து நின்றாள். கையில் நோட்டு, காதில் பென்சில்.

“ஏனுங்க அடிக்கறீங்க?”

அடிப்பாவி! அறுபது பிள்ளைகள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். என்ன சொல்வது? “கணக்கு வரல. அதான்” என்றேன்.

“கணக்கு வரல” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். பிறகு என் கையைக் காட்டி, “இது பேருங்க?” என்றாள். விளாறு என்றேன். எழுதினாள். முன்வரிசையில் ஒருத்தி அதை அவளுக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். “ரொம்ப நன்றிங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அடி வாங்கிக்கொண்டிருந்தவள் இன்னும் கையை நீட்டியபடியே நிற்கிறாள். நான் விளாறைத் தூக்கினேன், வகுப்பே சிரித்துவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை.

சிஸ்டரிடம் போய்க் கத்தினேன். “பாஷை கத்துக்கிறா, விடுங்க டீச்சர்” என்றார் அவர்.

பாஷை கற்றுக்கொண்டாள்தான். மாட்டை அடிக்கிற வண்டிக்காரனிடம், மருமகளை அடிக்கிற மாமியாரிடம், பிள்ளையை முருங்கை மரத்தில் கட்டிப்போட்டு அடித்த அப்பனிடம், எல்லாரிடமும் போய் அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள். அவர்கள் சொன்ன பதிலில் புரியாத வார்த்தைக்கு நின்று அர்த்தம் கேட்டாள். வெள்ளைக்காரி, வெயிலில் தக்காளி மாதிரிச் சிவந்துபோய், பதினோரு ஊக்கு குத்திய புடவையோடு, பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். எந்த மனுஷன் அடிப்பான்? ஓங்கிய கையை இறக்கித்தான் விளக்கம் சொல்ல வேண்டும். இது சாமர்த்தியமா வெகுளித்தனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்கு அந்த வார்த்தைகள் நிஜமாகவே தெரியாது, நிஜமாகவே அர்த்தம் வேண்டும். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இப்படிக் கற்ற தமிழ் எப்படி இருக்கும்? ஒரு வருஷம் கழித்தும் அவளுக்கு மல்லிகைக்கும் முல்லைக்கும் பேர் தெரியாது. திமிர், கொழுப்பு, எகத்தாளம், எதுத்துப் பேசறது, முறைச்சுப் பார்க்கிறது எல்லாம் அத்துப்படி. ஒரு தடவை பங்குச் சாமியாரே மாதா கோயில் விருந்தில், “உங்களுக்குத் தமிழ்ல பிடிச்ச வார்த்தை எது?” என்று கேட்டார். “வாய்க்கொழுப்புங்க” என்றாள். சாமியாருக்குப் புரை ஏறிவிட்டது.

ஒரு சந்தை நாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஆடு திருடினான் என்று ஒருத்தனைப் புளியமரத்தில் கட்டி வைத்து ஒரு போலீஸ்காரர் லத்தியால் வெளுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருநூறு பேர். அவன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எங்கே வந்தாள்? கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய், நோட்டைப் பிரித்து, “ஏனுங்க அடிக்கறீங்க?” என்றாள்.

போலீஸ்காரர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். “ஆடு திருடிட்டான் மேடம்!”

“திருடிட்டான்னா என்னங்க?”

அவர் யோசிப்பதற்குள் கட்டிப்போட்டிருந்தவனே தலையைத் தூக்கி, “அடுத்தவங்களதைக் கேக்காம எடுத்துக்கிட்டுப் போறதுங்கம்மா” என்றான். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டு லத்தியை அக்குளில் செருகிக்கொண்டார். அவள் அவனுக்கும் நன்றி சொன்னாள், அவருக்கும் நன்றி சொன்னாள். வீடு திரும்பும் வழியெல்லாம் பூரிப்பு. “கேட்டா போதும் அக்கா, நின்னுரும்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

நாங்கள் கிளம்பின பிற்பாடு அந்தப் போலீஸ்காரர் சிரிப்புக்கும் சேர்த்து அவனை அடித்தார். மறுநாள் பால்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கால் எலும்பு போய்விட்டதாம். நான் அவளிடம் சொல்லவில்லை.

அவளுக்கு ஏன் இந்தப் பித்து என்று நானும் ஒருநாள் கேட்டேன். இடது உள்ளங்கையைக் காட்டினாள். பெருவிரலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் விளாறு கிடையாதாம், தோல் வார். அதை வைத்துக்கொள்வதற்கென்றே அங்கிருந்த டீச்சர் உடுப்பில் தனியாக ஒரு பை தைத்திருந்தாராம். “எட்டு வருஷம் அடிச்சாங்க. யாரும் ஏன்னு கேக்கல. நானும் கேக்கல” என்றாள். சொல்லிவிட்டுக் களியை உருட்டி வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். விழுங்கத்தான் வேண்டும், மெல்லக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள்.

இனி மாதம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாதம்மாள் எங்கள் விடுதியில் சமையல்காரி. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குடிசை. புருஷன் முனியப்பன் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். நல்ல வேலைக்காரன், மற்றவர்களிடம் அதிர்ந்து பேச மாட்டான், சாராயம்கூடத் தொட மாட்டான். ஆனால் பெண்டாட்டியை அடிப்பான். சும்மா அறை உதை என்று நினைக்காதீர்கள். தலைமயிரைக் கையில் சுற்றி மண்சுவரில் மோதுவான். சத்தம் எங்கள் சமையலறைக்கு வரும். நான் பழகிப்போய்விட்டேன், அந்தச் சத்தத்திலேயே விடைத்தாள் திருத்துவேன். இவள் நோட்டை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டுவாள்.

முனியப்பன் பதில் சொல்வான். ஒவ்வொன்றையும் நானே நோட்டில் படித்திருக்கிறேன். களி கட்டியாக இருந்தது. கூப்பிட்டதும் திரும்பவில்லை. அவள் அண்ணன் வந்துவிட்டுப் போனான். ஒருநாள், “சந்தையில மாடு முட்டிருச்சுங்க” என்றான்.

“மாடு முட்டினா மாதம்மாளை ஏனுங்க?”

“மாட்டை அடிச்சாத் தழும்பு விழுந்து வெல போயிருமுங்க” என்றான். அதையும் எழுதிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் நன்றி சொன்னாளா என்று எனக்கு நினைவில்லை.

கார்த்திகை பிறந்ததும் சத்தம் நின்றது. ஒரு வாரம், ஒரு மாசம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதினாள். ‘எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை’ என்று எழுதியதை எனக்கே படித்துக் காட்டினாள்.

எனக்குத்தான் உண்மை தெரிய வந்தது. தை மாசத்தில் ஒரு மத்தியானம், தயிர் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன். பட்டப்பகலில் குடிசைக் கதவு சாத்தியிருக்கிறது. குழந்தை வெளியே மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மூட்டையைப் போட்டுத் தட்டுகிற மாதிரி சத்தம், மனுஷக் குரல் இல்லை. அன்று சாயங்காலம் விடுதிச் சமையலறையில் மாதம்மாளை நிறுத்திக் கேட்டேன். கடைவாய் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது.

“வாயில துண்டை வெச்சு அடைச்சுடறானுங்க” என்றாள். “துரைசானி வந்து கேட்டுட்டுப் போனா அன்னிக்கு எனக்கு ரெட்டை அடி. ஊரே அவனைப் பாத்துச் சிரிக்குதாம். நீங்க சொல்லிப்புடாதீங்க டீச்சரு. அந்தம்மா மறுக்கா வந்து நின்னாங்கன்னா என்னைக் கொன்னே போட்டுருவான்.”

நான் சொல்லவில்லை. மாதம்மாள் கேட்டுக்கொண்டாள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு வாசலில் அவள் என்னைச் சந்தி சிரிக்க வைத்தாளே, அவள் கேள்வி தோற்றுப்போனதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். சின்னதுதான். ஆனால் இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசி முடிவதற்குள் விடுதிக் கிணறு காய்ந்து, அடியில் தவளை செத்துக் கிடந்தது. முனியப்பன்தான் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டு வருவான். வண்டி வந்தால் பிள்ளைகள் குடத்தோடு ஓடுவார்கள்.

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வந்து, குருத்தோலையைச் சுவரில் செருகிவிட்டு, அவள் பழைய நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய வார்த்தைகளையெல்லாம் ஒரு தடவை ஒப்பித்துப் பார்ப்பது அவள் வழக்கம். நான் புழுங்கலரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இங்க பாருங்க” என்றாள். மார்கழியில் மாதம்மாள் கையில் கட்டோடு வந்தாள், ஏன் என்று கேட்டதற்கு, ‘கெணத்துல வழுக்கி விழுந்துட்டேனுங்க’ என்றாள். வழுக்கி என்றால் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறாள். மாசியிலும் கண் வீங்கி வந்தாள், அதே பதில். போன வாரம், பங்குனியில், தோள் எலும்பு விலகிப்போய் வந்தாள். அதே பதில்.

“கெணத்துல தண்ணியே இல்லையே அக்கா. எப்படி வழுக்கும்?”

நான் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“தையில இருந்து.” பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைச் சொன்னேன், ரெட்டை அடியைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் போய்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். எழுந்து வெறுங்காலோடு வெளியே போனாள். நோட்டு தரையிலேயே கிடந்தது.

விடுதி வாசலில் முனியப்பனின் வண்டி நின்றிருந்தது. அவன் பீப்பாய்க்கு அடியில் குனிந்து அடைப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் வண்டியில் செருகியிருந்த சாட்டைக் கம்பை உருவினாள். பருத்த மூங்கில் கம்பு. முதல் அடி முதுகில் விழுந்தது. மாடுதான் மிரண்டு இடித்துவிட்டது என்று நினைத்து, “த்தோ!” என்று அதட்டிக்கொண்டே அவன் திரும்பினான். இரண்டாவது அடி வாயில். இரண்டு பல் மண்ணில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். “துரைசானி, துரைசானி” என்று இரண்டு கையையும் கூப்பினான். கூப்பின கையின் மேலேயே அடித்தாள். காதில் அடித்தாள். ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் கீழே விழுந்து சுருண்டான், விழுந்தவனைக் காலால் உதைத்துப் புரட்டிப் போட்டு அடித்தாள். ஒரு சத்தம் இல்லை அவளிடம். மூச்சு மட்டும்தான்.

மாடுகள் மிரண்டு வண்டியை இழுத்தன. பீப்பாய் சாய்ந்து வாசல் முழுக்கத் தண்ணீர். பாதிப் பிள்ளைகள் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள், மீதிப் பேர் ஓடுகிற தண்ணீரைக் குடத்தில் அள்ளப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேனா? இல்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். போடு, இன்னொன்று போடு என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாதம்மாள்தான் ஓடி வந்தாள். கையெல்லாம் ராகி மாவு. குறுக்கே விழுந்தாள். ஓங்கிய அடி அவள் மேல் விழுந்தது, ஏற்கெனவே விலகியிருந்த தோளிலேயே விழுந்தது. மாதம்மாள் கம்பை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, வாய்விட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க டீச்சரு அடிக்கறீங்க? ஏனுங்க?”

அடித்தவள் நின்றாள். வாயைத் திறந்தாள். இடது கை இடுப்புப் பக்கம் நோட்டைத் தேடியது. மூன்று வருஷம் ஊரெல்லாம் கேட்டு எழுதி வைத்த அத்தனை பதிலில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. கம்பு கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூடினார்கள். முனியப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. வழக்கு வேண்டுமா என்று சாமியார் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு, பல் போன வாயால், “அந்தம்மா ஒரு வார்த்தை ஏன்னு கேட்டிருக்கலாமுங்க. நான் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லீங்க” என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அவளை அனுப்பிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் ரோடுவரைக்கும் போனேன். பஸ் வந்ததும் நோட்டுக்கட்டை என் கையில் வைத்து, “வெச்சுக்கங்க அக்கா” என்றாள். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடமிருந்தும் எதிர்ப்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து கடிதம் ஏதும் வரவில்லை.

மாதம்மாள் நாற்பது நாள் புருஷனுக்குக் கூழ் கரைத்து ஊற்றினாள். அவன் எழுந்து நடமாட ஆரம்பித்த அன்றைக்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடுதிச் சமையலறைக்கே குடி வந்துவிட்டாள். சிஸ்டர் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்தார். முனியப்பன் இரண்டு மூன்று தடவை வாசல்வரை வந்தான். ஒரு காது கேட்காது, முகவாய் கோணியிருந்தது. மாதம்மாள் கதவைத் திறக்கவில்லை, அவனும் தட்டவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை அவள் மேல் ஒரு கை படவில்லை. அப்படியானால் அந்த அடி பலித்தது என்றுதானே சொல்ல வேண்டும்? மூன்று வருஷக் கேள்வி செய்யாததை ஒரு மூங்கில் கம்பு செய்துவிட்டது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேலும் கோபம் வரும், என் மேலும் கோபம் வரும், யார் மேல் என்று தெரியாமலும் கோபம் வரும்.

நோட்டுகளைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஒருத்தி ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்று, பழக்கதோஷத்தில் தானாகவே கையை நீட்டினாள். விளாறு என் கையில் இருந்தது. அந்தச் சின்ன உள்ளங்கையைப் பார்த்ததும் என் தோளில் ஏதோ ஒன்று ஆசையாக எழுந்து வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. உட்காரு என்றேன். வீட்டுக்கு வந்து நோட்டுக்கட்டை அவிழ்த்தேன்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கம். அதற்குள் அவளுக்குத் தமிழ் எழுத்து வந்திருந்தது, உருண்டை உருண்டையாக, பிழையில்லாமல். ஊர்க்கூட்டம் நடந்த அன்று எழுதியிருக்கிறாள். மேலே கேள்வி, வழக்கம்போல மரியாதையாக.

ஏனுங்க அடிச்சீங்க?

கீழே பதில்.

நல்லா இருந்துச்சுங்க.

வேறு ஒன்றும் இல்லை. எத்தனை பேர் எத்தனை காரணம் அவளுக்குச் சொல்லியிருந்தோம். களி, அண்ணன், மாடு, ஆடு, திமிர். இதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் நோட்டையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், முதல் வரியில், நான் சொன்ன பதில் இருந்தது. கணக்கு வரல.